குப்பை கரிசலுக்குப் போகட்டும்

தூத்துக்குடி மாவட்டத்து எட்டயபுரத்தைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் வெள்ளாமை முழுக்க வானத்தை நம்பியது. கோவில்பட்டி வட்டாரத்தில் ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையோடு முடிந்துவிடும். புரட்டாசியில் விதைத்த உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் வேறு தண்ணீர் கிடையாது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதும் வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளிலோ இதே தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. ஒரு வறட்சியையோ ஒரு வெள்ளத்தையோ தனியாகக் காட்டி, புவி வெப்பமடைந்ததால்தான் இது வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது தாங்கும் ஈரம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது என்பது இயற்பியல். காய்ந்தால் ஒரேயடியாகக் காய்வதும் பெய்தால் ஒரேயடியாகப் பெய்வதும் இனி அடிக்கடி நடக்கும் என்றுதான் அறிவியல் எச்சரிக்கிறது. அப்படி நடக்கும்போது முதல் அடி விழுவது பாசன வசதி இல்லாத மானாவாரி நிலத்தின் மீதுதான்.

இந்த வெப்பத்தைக் குறைப்பதில் எட்டயபுரம் போன்ற ஒரு சிறிய பேரூராட்சி என்ன செய்துவிட முடியும் என்ற கேள்வி இயல்பானது. அனல்மின் நிலையங்களை மூடுவதும் கார்களை மாற்றுவதும் அதன் கையில் இல்லை. ஆனால் அன்றாடம் ஊர் கூட்டித் தள்ளுகிற குப்பை அதன் கையில்தான் இருக்கிறது. வளரும் நாடுகளில் மிகக் குறைந்த செலவில், மிக விரைவாகப் பலன் தரக்கூடிய பருவநிலை வேலைகளில் குப்பையைச் சீர்செய்வதும் ஒன்று. அதை எப்படிச் செய்வது என்பதில்தான் கவனம் தேவை. வீட்டில் சேரும் மக்கும் குப்பை ஒரு பெரிய குழிக்கோ மேட்டுக்கோ போகவே கூடாது. வீட்டு வாசலிலேயே பிரிந்து, ஊருக்குள்ளேயே உரமாகி, சுற்றியுள்ள கரிசலுக்குப் போக வேண்டும். இதைத் தவிர மற்ற வழிகள் அனைத்தும் இந்த வறண்ட வட்டாரத்துக்கு இரட்டை நட்டம்.

குப்பைமேட்டுக்குள் நடப்பது

ஒரு குப்பைமேட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் காரணம் விளங்கும். மேலே கிடக்கும் வாழை இலை, காய்கறித் தோல், மிஞ்சிய சோறு ஆகியவற்றுக்குக் காற்று கிடைக்கிறது. அவை மக்கும்போது பெரும்பாலும் கரியமில வாயுதான் வெளியேறும். அந்த வாயு செடிகள் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான் என்பதால் அது கணக்கில் புதிதாகச் சேர்வதில்லை. அடுத்த லாரி வந்து அதன் மேல் கொட்டிவிட்டுப் போனதும் நிலைமை மாறுகிறது. அடியில் அமுங்கிய ஈரக் கழிவுக்குக் காற்று இல்லை. பிளாஸ்டிக் பைகள் கட்டியபடியே கிடப்பதால், பைக்குள் இருப்பதற்குச் சுத்தமாகவே காற்று இல்லை. அந்த இருட்டில் காற்று வேண்டாத நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன. அவை அதே சோற்றையும் இலையையும் மீத்தேனாக மாற்றுகின்றன. மேடு எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு உள்ளே காற்று குறைவு, மீத்தேன் அதிகம். குப்பைமேடுகள் தாமாகவே தீப்பற்றிக்கொள்வதற்கும், அணைத்தாலும் நாள்கணக்கில் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருப்பதற்கும் இந்த வாயு ஒரு முக்கியக் காரணம்.

மீத்தேனுக்கு இரண்டு குணங்கள் உண்டு. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 80 மடங்கு சூடேற்றுகிறது. 100 ஆண்டுக் கணக்கிலும் அது சுமார் 28 மடங்கு. ஆனால் வளிமண்டலத்தில் அதன் ஆயுள் ஏறத்தாழ 12 ஆண்டுகள்தான். நூற்றாண்டுகள் தங்கும் கரியமில வாயுவை இன்று குறைத்தால் பலன் பேரப்பிள்ளைகளுக்கு. மீத்தேனை இன்று குறைத்தால் பலன் நமக்கே. மனிதச் செயலால் வெளியேறும் மீத்தேனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு திடக்கழிவிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் வருகிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2021-இல் வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது. காகிதத்தில் போட்ட கணக்கைவிட உண்மை மோசமாக இருக்கவும் கூடும். நெதர்லாந்தின் விண்வெளி ஆய்வு நிறுவனம் தலைமையில் 2022-இல் வெளியான ஆய்வு, டெல்லி, மும்பை, லாகூர், புவனஸ் அயர்ஸ் நகரங்களை செயற்கைக்கோள் வழியாக அளந்தது. அந்நகரங்களின் மீத்தேன் வெளியேற்றம், உலகளாவிய பட்டியல்களில் மதிப்பிட்டிருந்ததைப் போல 1.4 முதல் 2.6 மடங்கு வரை இருந்தது. அதில் அவற்றின் குப்பைமேடுகளின் பங்கு 6 முதல் 50 சதவீதம் வரை இருந்தது.

இந்தியாவில் இது சின்னப் பிரச்சினை இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 அறிக்கைப்படி நாட்டில் நாள்தோறும் சேர்ந்த நகர்ப்புறக் குப்பை 1.6 லட்சம் டன். அதில் பாதிதான் ஏதோ ஒரு வகையில் பதப்படுத்தப்பட்டது. நம் குப்பையில் ஏறக்குறைய பாதி மக்கக்கூடியது. மேல்நாட்டுக் குப்பையில் காகிதமும் அட்டையும் மிகுதி என்றால், நம் குப்பையில் ஈரமும் சமையலறைக் கழிவும் மிகுதி. அதனால் மேட்டில் கொட்டினால் வரும் தீங்கும் அதிகம், உரமாக்கினால் வரும் பயனும் அதிகம். 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடி, 2023 மார்ச்சில் கொச்சிப் பிரம்மபுரம், 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர் என்று ஒவ்வொரு கோடையிலும் ஒரு குப்பைக் கிடங்கு எரிந்து ஊரைப் புகையில் ஆழ்த்தியிருக்கிறது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, கொழும்பு மீதொட்டமுல்லவில் குப்பைமலை சரிந்து 30-க்கும் மேற்பட்டோர் உயிரோடு புதைந்தார்கள். காலநிலையை மறந்துவிட்டுப் பார்த்தாலும் இந்த மேடுகளைத் தொடர்வதற்கு ஒரு நியாயமும் இல்லை.

சின்ன ஊருக்குச் சின்னப் பாவமா?

பெருங்குடியும் பிரம்மபுரமும் வேறு, எட்டயபுரம் வேறு என்று ஒருவர் சொல்லலாம். அதில் உண்மை இருக்கிறது. ஐ.பி.சி.சி. எனப்படும் பன்னாட்டு அறிவியல் குழுவின் கணக்கிடும் முறையே, 5 மீட்டருக்குக் குறைந்த ஆழமுள்ள மேடு, அதைவிட ஆழமான மேட்டில் பாதி அளவு மீத்தேனைத்தான் தரும் என்று கொள்கிறது. கரிசல் காட்டு வெயிலில் குப்பை சீக்கிரம் காய்ந்துவிடுவதால் மக்குவதும் மெதுவாகத்தான் நடக்கும். எட்டயபுரம் பேரூராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 13 ஆயிரத்தை ஒட்டி இருந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் என்று வைத்துக்கொண்டால் தினமும் 4 டன் குப்பை சேரும். அதில் பாதி, 2 டன், மக்கும் குப்பை. ஆண்டுக்கு 700 டன்னுக்கு மேல். ஆழமில்லாத மேட்டில் ஒரு டன் உணவுக் கழிவு காலப்போக்கில் சுமார் 20 கிலோ மீத்தேன் தரும் என்பது அந்தக் குழுவின் வாய்பாடு. அப்படியானால் ஓராண்டுக் குப்பையிலிருந்து 14 டன்னுக்குக் குறையாத மீத்தேன். 20 ஆண்டுக் கணக்கில் இது ஆயிரம் டன்னைத் தாண்டும் கரியமில வாயுவுக்குச் சமம். நேரில் அளந்த எண் இல்லை, உத்தேசக் கணக்குதான். ஆனாலும் இத்தனை சிறிய ஊருக்கு இது அலட்சியப்படுத்தும் அளவு இல்லை. 2022 உள்ளாட்சித் தேர்தலின்போது தமிழ்நாட்டில் இருந்த பேரூராட்சிகள் 490. கோவில்பட்டி போன்ற நகராட்சிகள் 138. சிறிய ஊர்கள் எல்லாம் சேர்ந்தால் ஒரு பெருநகரத்துக்குக் குறைந்தவை அல்ல.

வறண்ட ஊரில் மீத்தேன் குறைவு என்ற ஆறுதலைக் கெடுக்க இன்னொன்றும் இருக்கிறது. காய்ந்த குப்பை எளிதில் தீப்பிடிக்கும், எளிதில் தீ வைக்கவும்படும். தெருமுனையில், ஓடைக்கரையில், கண்மாய் ஓரத்தில் குப்பையைக் கூட்டித் தீ மூட்டுவதைச் சுத்தம் என்றே பல ஊர்களில் நினைக்கிறார்கள். எரிகிற பிளாஸ்டிக்கிலிருந்து வெளியேறுவது பூமிக்கடியிலிருந்து எடுத்த எண்ணெயின் கரிமம். அது புதிதாகச் சேரும் கரியமில வாயு. அரைகுறையாக எரியும்போது பறக்கும் கரும்புகைத் துகள் வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குவதோடு நுரையீரலிலும் தங்குகிறது. பி.வி.சி. கலந்திருந்தால் டையாக்சின் என்ற கொடிய நஞ்சும் உண்டாகிறது. மழைக்குறைவான நாட்டில் குப்பைமேடு மீத்தேனாகப் போகாவிட்டால் புகையாகப் போகிறது. இரண்டுமே வானத்துக்குத்தான் போகின்றன.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊர் ஊராகச் சின்ன மேடுகள் வேண்டாம், பல ஊர்க் குப்பையையும் லாரியில் ஏற்றி ஒரே இடத்தில் ஆழமான, அறிவியல் முறைப்படி அமைத்த நிலநிரப்புக் குழியில் கொட்டிவிடலாம் என்று ஒரு யோசனை அடிக்கடி எழுகிறது. நாற்றம், ஈ, நிலத்தடி நீர்க்கேடு ஆகியவற்றுக்கு அது ஓரளவு விடை தரும். ஆனால் மக்கும் குப்பையைப் பிரிக்காமல் அதில் கொட்டினால் மீத்தேன் கூடவே செய்யும். மேற்சொன்ன அதே வாய்பாட்டில், ஒழுங்காக மூடி அமுக்கிய குழியில் போட்ட ஒரு டன் உணவுக் கழிவு, ஆழமில்லாத மேட்டில் தருவதைப் போல இரண்டரை மடங்கு மீத்தேன் தரும். வாயுவைக் குழாய் வைத்து உறிஞ்சினால் தப்பிக்கலாம். ஆனால் உணவுக் கழிவு வேகமாக மக்குவதால், குழாய் பதித்து முடிப்பதற்கு முன்பே வாயுவில் கணிசமான பங்கு போய்விடும். குழியை முதலில் கண்ட பணக்கார நாடுகளே இப்போது அதிலிருந்து பின்வாங்குகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 1999 முதல் மக்கும் குப்பையைக் குழியில் போடுவதைப் படிப்படியாகக் குறைத்தது. தென் கொரியா 2005-இல் உணவுக் கழிவைக் குழியில் போடவே தடை விதித்தது. அவர்கள் செலவழித்துக் கற்ற பாடத்தை நாம் மறுபடி செலவழித்துக் கற்க வேண்டியதில்லை.

கரிசலின் பசி

இங்கே கரிசலின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். மண் கறுத்திருப்பதால் சத்து நிறைந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். கரிசலின் கருமைக்கும் அதிலுள்ள மட்கின் அளவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. நம் வறண்ட நிலப்பகுதிகளில் மண்ணின் அங்ககக் கரிமம் பெரும்பாலும் அரை சதவீதத்துக்கும் கீழேதான். வெயிலில் மட்கு வேகமாகச் சிதைகிறது. மானாவாரி நிலம் என்பதால் தழையும் குறைவு. கிடைக்கும் தட்டையும் மாட்டுக்குப் போகிறது, பருத்திமார் அடுப்புக்குப் போகிறது. மட்கு குறைந்த கரிசல், மழை பெய்தால் சேறாக இறுகிக் காற்றை அடைக்கும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்து, ஈரத்தை அந்த வெடிப்பின் வழியே இழக்கும். மட்கு சேர்ந்தால் மண் பொலபொலப்பாகி நீர் உள்ளே இறங்கும், இறங்கியது கொஞ்ச நாள் கூடுதலாக நிற்கும். கார்த்திகை மழை பத்து நாள் தள்ளிப்போகும்போது உளுந்துச் செடி பூவை உதிர்க்குமா, காய் பிடிக்குமா என்பதை அந்தக் கொஞ்ச ஈரம்தான் தீர்மானிக்கிறது.

இது கரிசல் விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘குப்பை இல்லாத வெள்ளாமை சப்பை’ என்ற பழமொழி இந்த மண்ணின் அனுபவம். வீட்டுக்கு ஓர் எருக்குழி இருந்தது. சாணமும் சாம்பலும் தொழுவத்துக் கூளமும் வீட்டுக் கழிவும் ஆண்டு முழுவதும் அதில் சேரும். கோடையில் வண்டி வண்டியாகக் காட்டுக்குக் குப்பை அடிப்பார்கள். கண்மாய் வற்றினால் கரம்பை மண் அள்ளிக் கொட்டுவார்கள். கீதாரிகளிடம் சொல்லி ஆட்டுக்கிடை போடுவார்கள். ஊரில் சேர்ந்த மக்கும் பொருள் ஊர்க்காட்டுக்கே திரும்பியது. டிராக்டர் வந்து உழவு மாடுகள் குறைந்தன, எருக்குழி தூர்ந்தது. பாலித்தீன் பை வந்ததும் வீட்டுக் குப்பை காட்டுக்குப் போக லாயக்கில்லாததாக ஆனது. நகரங்களின் கதையும் இதுவே. ஆல்பர்ட் ஹோவர்ட் 1920-களின் பிற்பகுதியில் இந்தூரில் விவசாயிகளிடம் கற்று வகுத்த உரமாக்கும் முறையும், சி.என். ஆச்சார்யா 1939-இல் வகுத்த பெங்களூர் முறையும் உலகப் புகழ் பெற்றவை. இந்திய நகராட்சிகள் அந்த வழியில்தான் உரக்கிடங்குகளை அமைத்தன. பிறகு உரம் நின்றுபோய், கிடங்கு மட்டும் எஞ்சியது.

அந்தச் சங்கிலியை மறுபடி இணைக்கும் கருவி இன்று கையில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளில் வளம் மீட்புப் பூங்காக்களும் நகராட்சிகளில் நுண் உரம் தயாரிக்கும் மையங்களும் பல இடங்களில் கட்டப்பட்டிருக்கின்றன. அங்கே நடக்க வேண்டிய வேலை எளிமையானது, ஆனால் ஒழுங்கு வேண்டியது. வந்த ஈரக் கழிவிலிருந்து கயிறு, கவர், தேங்காய் ஓடு ஆகியவற்றைக் கையால் பொறுக்கி எடுக்க வேண்டும். மிச்சத்தைத் துண்டாக்க வேண்டும். காற்றோட்டத்துக்கு ஓட்டை விட்டுக் கட்டிய தொட்டியில் ஓர் அடுக்கு ஈரக் கழிவு, ஓர் அடுக்குக் காய்ந்த சருகோ நறுக்கிய சோளத்தட்டையோ என்று மாற்றி மாற்றிப் போட்டு, மேலே சாணிக் கரைசல் தெளிக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் குவியல் 55, 60 டிகிரிக்குச் சூடேறும். கிருமியும் களை விதையும் அந்தச் சூட்டில்தான் சாகின்றன. வாரம் ஒருமுறை புரட்டிப் போடாவிட்டால் உள்ளே காற்றற்றுப்போய், நாற்றமும் மீத்தேனும் இங்கேயும் வரும். ஒழுங்காகப் புரட்டினால் 45 முதல் 60 நாளில் காப்பித்தூள் நிறத்தில், மழை நனைத்த மண்ணின் வாசனையோடு உரம் சலிக்கத் தயார். உரமாக்கும்போது டன்னுக்குச் சுமார் 4 கிலோ மீத்தேன் வெளியேறும் என்பது ஐ.பி.சி.சி.யின் பொதுவான மதிப்பு. கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடும் வெளியேறும். பூஜ்யம் இல்லைதான். ஆனால் மேட்டில் 20 கிலோ, ஆழமான மேட்டில் 40 கிலோ என்பதோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெளிவு.

பஞ்சம் பிழைக்கும் பூமியில் உரக்குழிக்குத் தெளிக்கத் தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். சமையலறைக் கழிவில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். கூரை போட்டு வெயிலை மறைத்து, குவியலைச் சாக்கால் மூடினால் அந்த ஈரம் பெருமளவு தங்கும். குறைவதற்குக் கை கழுவிய நீர் போதும், குடிநீர் வேண்டாம்.

நியாயமான மறுப்புகள்

உண்மையான மறுப்பு விவசாயியிடமிருந்து வருகிறது. நகராட்சி உரத்தில் கண்ணாடிச் சில்லும் பிளேடும் பிளாஸ்டிக் துணுக்கும் கிடக்கிறது, காலில் குத்துகிறது, எனக்கு வேண்டாம் என்கிறார் அவர். அவர் சொல்வது முற்றிலும் சரி. போபாலிலுள்ள இந்திய மண் அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நாட்டின் பல நகரங்களின் குப்பை உரங்களைச் சோதித்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். கலந்த குப்பையிலிருந்து செய்த உரத்தில் ஈயம் உள்ளிட்ட கன உலோகங்கள் அதிகமாகவும் கரிமம் குறைவாகவும் இருந்தன. வீட்டிலேயே பிரித்த குப்பையின் உரம் தரத்தில் மேலாக இருந்தது. பழைய மேட்டைக் கிளறிச் சலித்த மண்ணையும் இதே காரணத்துக்காக உணவுப் பயிருக்கு இடக்கூடாது. பேட்டரி, பல்பு, மருந்துப் பட்டை, தீப்பெட்டித் தொழிலின் ரசாயனக் கழிவு இவற்றில் எதுவும் ஈரக் குப்பையோடு சேரவே கூடாது. ஆகவே பிரிப்பது என்பது வெறும் சுகாதாரப் பழக்கம் இல்லை, கரிசலின் நலனே அதில்தான் அடங்கியிருக்கிறது. கடைசியில் எந்த இயந்திரம் வைத்துச் சலித்தாலும் முதல் வாசலில் கலந்ததை முழுதாகப் பிரிக்க முடியாது.

ஜனங்கள் பிரித்துத் தரமாட்டார்கள் என்பது அடுத்த மறுப்பு. கேரளத்தின் ஆலப்புழையில் 2012-இல் சர்வோதயபுரம் கிராம மக்கள் நகரத்துக் குப்பை லாரிகளை மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். வேறு வழியில்லாமல் நகரம் வீட்டுக்கு வீடு குழாய் உரமுறையும் சாண எரிவாயுக் கலன் போன்ற சிறு கலன்களும் வார்டுக்கு வார்டு உரத்தொட்டிகளும் அமைத்தது. ஐந்தே ஆண்டுகளில், 2017-இல், ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் அதை உலகின் ஐந்து முன்மாதிரி நகரங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது. சத்தீஸ்கரின் அம்பிகாபூரில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வீடு வீடாகப் பிரித்த குப்பையை வாங்கி, உலர் குப்பையை விற்று, ஊதியம் ஈட்டுகின்றன. அங்கே இருந்த குப்பைமேடு பூங்காவாகிவிட்டது. இவ்விரண்டிலும் மக்கள் திடீரென்று மாறிவிடவில்லை. பிரிக்காத குப்பையை வாங்க மறுத்ததும், பிரித்த குப்பையை வண்டியில் மறுபடி கலக்காமல் கொண்டுபோனதும்தான் மாற்றியது. வீட்டில் இரண்டு கூடையில் பிரித்ததை வாசலில் ஒரே வண்டியில் கொட்டுவதைப் பார்த்த இல்லத்தரசி மறுநாள் பிரிக்கமாட்டார். அது அவர் குற்றம் இல்லை.

செலவு என்பது மூன்றாவது மறுப்பு. ஏழை நாடுகளில் உள்ளாட்சிச் செலவில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குப்பைக்கே போகிறது என்று 2018-இல் உலக வங்கி கணக்கிட்டது. ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி சேகரிப்பதற்கும் ஏற்றிச் செல்வதற்குமே கரைகிறது. ஊருக்குள்ளேயே உரமாக்கினால் தூரத்து லாரி வாடகை மிச்சம். மிச்சமாகும் பணம் போக வேண்டிய இடம் தூய்மைப் பணியாளரின் கை. அவர்களை ஒப்பந்தக் கூலியாகவே வைத்துக்கொண்டு, கையுறைகூட ஒழுங்காகத் தராமல், பிரிப்பதும் புரட்டுவதும் சலிப்பதுமான திறன்மிக்க வேலையை எதிர்பார்ப்பது அநியாயம். பருவநிலைக்கு நன்மை செய்கிறோம் என்ற பெயரில் யாருடைய முதுகிலும் சுமை ஏற்றக்கூடாது. நிரந்தர வேலையும் உரிய ஊதியமும் பாதுகாப்புச் சாதனமும் இல்லாத இடத்தில் எந்த உரக்கூடமும் திறப்பு விழாவைத் தாண்டி ஓடாது.

உலகைச் சூடாக்கியவர்கள் அவர்கள், பரிகாரம் நாம் செய்ய வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. சராசரி இந்தியரின் கரியமில வெளியேற்றம் சராசரி அமெரிக்கருடையதில் ஏழில் ஒரு பங்குதான். 2021 கிளாஸ்கோ மாநாட்டில் உருவான உலக மீத்தேன் உறுதிமொழியில் இந்தியா சேரவில்லை. நெல் வயலையும் கறவை மாட்டையும் நம்பி வாழும் சிறு விவசாயியைப் பாதிக்கும் என்பது அதன் முக்கியக் காரணம். அந்தத் தயக்கத்தை மதிக்கலாம். ஆனால் குப்பைமேட்டை நம்பி எந்த விவசாயியும் வாழவில்லை. அதை மூடினால் யாருடைய சோற்றிலும் மண் விழாது, விவசாயிக்கு மண்ணில் சோறு கூடும். நீதி கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்காமலே நமக்கு லாபமான வேலையைச் செய்யலாம்.

இயற்கை உரம் என்றதும் இலங்கையின் அனுபவத்தை நினைவூட்டுவோரும் உண்டு. 2021-இல் அங்கே ரசாயன உரத்தை ஒரே நாளில் தடை செய்தார்கள். நெல்லும் தேயிலையும் சரிந்து, அதே ஆண்டு இறுதியில் தடையைப் பின்வாங்க நேர்ந்தது. அந்தப் பாடம் சரியானதே. இங்கே கேட்பது தடையை அல்ல, ரசாயன உரத்தோடு இதையும் சேர்ப்பதைத்தான். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே, ரசாயன உர மூட்டை 6, 7 என்றால் அதனுடன் குப்பை உர மூட்டை 3, 4 என்று சேர்த்து விற்க வழி சொல்லியிருந்தன. அளவையும் மிகைப்படுத்த வேண்டாம். எட்டயபுரத்தின் 2 டன் ஈரக் குப்பை நாளொன்றுக்கு 400, 500 கிலோ உரம் தரும். ஏக்கருக்கு 5 டன் என்ற வழக்கமான தொழுவுரப் பரிந்துரைப்படி அது ஆண்டுக்கு 30 ஏக்கரைச் சற்றுத் தாண்டும். சுழற்சியாக இட்டால் சில ஆண்டுகளில் ஊரை ஒட்டிய காடுகள் முழுவதும் ஒருமுறை உரம் காணும். கரிசல் பூமி முழுவதையும் அது மாற்றிவிடாது. ஆனால் ஊருக்கு ஊர் இப்படி ஒரு வளையம் உண்டானால் வானத்துக்குப் போகவிருந்த கரிமத்தில் ஒரு பகுதி மண்ணில் தங்கும்.

ஈரக் குப்பை போக எஞ்சும் உலர் குப்பையில் விற்கக்கூடியது பழைய இரும்பு, அட்டை வாங்கும் கடைகளுக்குப் போகும். பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் கண்டுபிடித்த முறைப்படி ஒரு பகுதி தார்ச்சாலையில் கலக்கலாம். எதற்கும் ஆகாததைக் குறைக்க 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள பிளாஸ்டிக் தடையை உண்மையாக அமல்படுத்துவதே வழி. ஈரக் குப்பை பிரிந்துவிட்டால் உலர் குப்பை நாறாது, விலையும் ஏறும்.

ஆகவே வேண்டுவது புதிய சட்டமோ ராட்சத இயந்திரமோ இல்லை. பேரூராட்சி, ஒவ்வொரு மாதமும் எத்தனை டன் ஈரக் குப்பை வந்தது, எத்தனை டன் உரமாகப் போனது என்று எழுதி அலுவலக வாசலில் ஒட்டட்டும். கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அந்த உரத்தைச் சோதித்து, தரம் உள்ளதை விவசாயிகளுக்குப் பரிந்துரைக்கட்டும். விவசாயி, தரம் இல்லாத மூட்டையைத் தயங்காமல் திருப்பி அனுப்பட்டும். நம் பங்கு இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. நாளைக் காலை வண்டி வரும்போது மக்கும் குப்பையைத் தனியாகக் கொடுங்கள். வண்டியில் அதைக் கலந்தால் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள், வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள், திருந்தும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.